லண்டனில் நல்ல டாக்கோ: கடைக்குப் போவதா, வாங்கி வருவதா, வீட்டில் சுடுவதா?

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் 4 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு லண்டனுக்கு மாறி வந்தேன். வந்த புதிதில் நான் ஏங்கியது நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு இல்லை. அது ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் தாராளமாகக் கிடைக்கிறது. குவாதலஹாராவில் எங்கள் தெருமுனையில் இருந்த டோர்ட்டியா (மெல்லிய மக்காச்சோள ரொட்டி) கடைக்காகத்தான் ஏங்கினேன். காலையில் போய் அரைக் கிலோ என்று சொன்னால், இயந்திரத்திலிருந்து விழுந்த சூட்டோடு தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். வீடு வந்து சேர்வதற்குள் மேலே இருக்கும் ஒன்றில் உப்பைத் தூவிச் சுருட்டி வாயில் போட்டுவிடுவேன். குழம்பு, கறி எதுவும் வேண்டாம், அதுவே போதும்.

டெக்சஸிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் இங்கே மாறி வருகிற நம் ஆட்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். நல்ல மெக்சிகன் சாப்பாட்டுக்கு இந்த ஊரில் என்ன வழி? உணவகத்துக்குப் போகலாமா, சூப்பர் மார்க்கெட் டப்பா போதுமா, வீட்டில் செய்தால் கட்டுப்படியாகுமா? கண்ணுக்குத் தெரிவது 5 வழிகள். ஐந்திலும் பணமும் நேரமும் போட்டுப் பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளுக்கு, மாசா என்ற பதப்படுத்திய சோள மாவை வாங்கி வீட்டில் சுடும் நான்காவது வழிதான் சரி. ஆனால் மற்ற நான்கும் வேண்டிய நேரங்கள் உண்டு.

## எதை வைத்து அளப்பது

டாக்கோ என்பது டோர்ட்டியாவில் கறியோ காயோ வைத்து மடித்துச் சாப்பிடுவது. அதனால் முதல் அளவுகோல் டோர்ட்டியா. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் அதற்கு வெகு கீழே.

காரணம் இருக்கிறது. சோளத்தை அப்படியே அரைத்துச் சுட்டால் டோர்ட்டியா வராது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவிக் களைந்து, கல்லில் அரைக்க வேண்டும். இதற்கு நிஷ்டமல் என்று பெயர். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாட்டிலில் சாம்பலையும் மாவையும் குறிக்கும் இரண்டு சொற்கள் சேர்ந்து வந்த பெயர் அது. மழை பெய்து ஓய்ந்த மண் போல டோர்ட்டியாவில் ஒரு வாசனை வருமே, அது இந்தச் சுண்ணாம்பால் வருவது. மாவு ஒட்டிக்கொண்டு நிற்பதும் அதனால்தான். சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேர்வதும் அதனால்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து சோளத்தைக் கொண்டுவந்த ஐரோப்பா, சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. சோளத்தை மட்டுமே தின்று வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா என்ற கொடிய நோய் வந்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் 1735-இலேயே அந்த நோயை விவரித்து எழுதினார். இன்றைக்கும் இங்கே கடை அலமாரியில் இருக்கும் சோள மாவு வகைகளில் பெரும்பாலானவை சுண்ணாம்பு படாதவைதான். புதிதாக வந்தவர்கள் முதலில் ஏமாறுவதும் அந்த இடத்தில்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

டோர்ட்டியாவுக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்பதற்கு இரண்டு கடைகளைச் சாட்சிக்கு அழைக்கலாம். மெக்சிகோ நகரத்தில் எல் கலிஃபா தே லியோன் என்ற சின்னஞ்சிறு டாக்கோ கடைக்கு 2024-இல் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அங்கே மொத்தமே 4 வகை டாக்கோதான். அப்போதே தட்டிய டோர்ட்டியா, உப்பும் எலுமிச்சையும் பட்ட இறைச்சி, அவ்வளவுதான். இன்னொன்று இங்கே மேரிலபோனில் சான்டியாகோ லாஸ்த்ரா 2020-இல் தொடங்கிய கோல் உணவகம். அவர் அவகாடோவையும் எலுமிச்சையையும் விட்டுவிட்டு, பிரிட்டனில் விளைவதை வைத்தே சமைக்கிறார். ஆனால் சோளம், மிளகாய் போன்ற சிலவற்றை மெக்சிகோவிலிருந்து வரவழைக்கிறார். எதற்கு மாற்று உண்டு, எதற்கு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அப்புறம் மற்ற அளவுகோல்கள்: பயணம், தபால் கட்டணம், பாத்திரம் எல்லாம் சேர்ந்த உண்மையான செலவு, வேலை முடிந்து வந்த மாலையில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது, வாரம் ஒருமுறை தாங்குமா என்பது. கீழே உள்ள தொகை எல்லாம் நான் கொடுத்து வருவதை ஒட்டியது. உங்கள் பகுதியில் கொஞ்சம் கூடும், குறையும்.

| வழி | டோர்ட்டியா | ஒரு டாக்கோவுக்குச் செலவு | நேரம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| உணவகம் | கடையைப் பொறுத்தது | 4 முதல் 5 பவுண்டு | பயணத்தோடு 3 மணி | சேவைக் கட்டணம், ரயில் |
| டாக்கோ டப்பா | சுமார் | 1 பவுண்டுக்குள் | 25 நிமிடம் | வீட்டில் இருக்கும் மசாலாவுக்கே காசு |
| தபாலில் டோர்ட்டியா | நன்று | 1 பவுண்டு சொச்சம் | 30 நிமிடம் | தபால், ஃப்ரீசர் இடம் |
| மாசா மாவு | மிக நன்று | 1 பவுண்டுக்குள் | 1 மணி | அழுத்தும் கருவி, பழகும் காலம் |
| சோளம், சுண்ணாம்பு | எல்லாவற்றிலும் மேல் | கிட்டத்தட்ட அதே | ஒரு நாள் | கிரைண்டர், பொறுமை |

## 1. உணவகம்

லண்டனில் நல்ல கடைகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். 15 ஆண்டுகளுக்கு முன்பிருந்த நிலைமை இப்போது இல்லை. பரோ சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எல் பாஸ்டோரில் டோர்ட்டியாவை அங்கேயே செய்கிறார்கள். சோனோரா டக்கேரியாவில் வட மெக்சிகோவின் மெல்லிய கோதுமை டோர்ட்டியா கிடைக்கும். சோளம் மட்டும்தான் அசல் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அங்கே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். சோனோரா மாநிலம் கோதுமை விளையும் நாடு, அங்கே அதுதான் அசல்.

கணக்குதான் இடிக்கிறது. பெரியவர் ஒருவருக்கு 4 டாக்கோவாவது வேண்டும். 4 பேர் குடும்பம் குடிக்க ஏதாவது சேர்த்து வாங்கினால் 80 பவுண்டு வந்துவிடும். பல கடைகளில் அதன்மேல் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம். ஹாரோவிலிருந்து போய்வர ரயிலுக்குத் தனி. மாதம் ஒருமுறை என்றாலே யோசிக்க வேண்டியிருக்கிறது.

எந்தக் கடை நல்ல கடை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு கேள்வி போதும். உட்காருவதற்கு முன்பே, டோர்ட்டியா இங்கே போடுகிறீர்களா, எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நல்ல கடையில் அந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள். வந்த புதிதில் நான் கேட்காமல் உட்கார்ந்த ஒரு கடையில், பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சூடுகூடச் சரியாகக் காட்டாத டோர்ட்டியாவில் அருமையான பன்றி இறைச்சியை வைத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது கடியிலேயே பிளந்து எல்லாம் தட்டில் கொட்டியது. நல்ல குழம்பைக் காய்ந்த சோற்றில் ஊற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது.

உணவகம்தான் சரி என்று நான் அடித்துச் சொல்லும் ஒரு பதார்த்தம் உண்டு: அல் பாஸ்டோர். மசாலா தடவிய பன்றி இறைச்சியை நிமிர்ந்த கம்பியில் அடுக்கி, சுழலவிட்டு, வெந்த பக்கத்தைச் சீவித் தருவது. லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் கொண்டுபோன ஷவர்மா, அங்கே சிவப்பு மிளகாயும் சிவப்பு நிறம் தரும் அச்சியோட்டே விதையும் அன்னாசிப்பழமும் சேர்ந்து வேறொன்றாக மாறியது. வீட்டு அடுப்பில் அந்த ஓரக் கருகல் வராது. நான் ஓவனில் பலமுறை முயன்று விட்டுவிட்டேன். அல் பாஸ்டோர் சாப்பிட வேண்டுமென்றால் கம்பி சுழலும் கடையைத் தேடிப் போங்கள், மற்ற டாக்கோக்களை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

## 2. டாக்கோ டப்பா

எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கிறது. வளைந்த மொறுமொறு ஓடோ மெத்தென்ற கோதுமை ரொட்டியோ, ஒரு மசாலாப் பாக்கெட், ஒரு சாஸ். நார்வேயில் வெள்ளிக்கிழமை இரவு என்றாலே இந்த வகை டாக்கோ என்கிற அளவுக்கு அது வீட்டு வழக்கமாகிவிட்டது. இது அமெரிக்காவின் தெற்கில் உருவான டெக்ஸ்-மெக்ஸ் மரபின் பிள்ளை. டெக்சஸின் சான் அன்டோனியோவில் வளர்ந்தவருக்கு இதுவே ஏக்கமாக இருக்கலாம், அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் குவாதலஹாராவையோ ஒஹாக்காவையோ தேடுகிறவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

அந்த மசாலாப் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் சீரகம், மிளகாய்த்தூள், பூண்டுத்தூள், உப்பு, சர்க்கரை என்றுதான் இருக்கும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் பாதி இருக்கிறது. டப்பாவாக வாங்காமல் ரொட்டியை மட்டும் தனியாக வாங்கினாலே பாதிக் காசு மிச்சம். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், வாரநாள் மாலையில், எல்லோரும் அவரவர் தட்டில் அடுக்கிச் சாப்பிடட்டும் என்று நினைத்தால் இது போதும்.

## 3. தபாலில் வரும் டோர்ட்டியா

நிஷ்டமல் முறையில் செய்த டோர்ட்டியாவைப் பாக்கெட்டில் அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் கூல் சில்லி நிறுவனம் 1993-இலிருந்து மெக்சிகோ மிளகாயை இறக்குமதி செய்கிறது; டோர்ட்டியாவும் செய்கிறது. அயர்லாந்தில் குளோன்மெல் ஊரில் பிளாங்கோ நின்யோ இருக்கிறது. சோளம், சுண்ணாம்பு, தண்ணீர் இவ்வளவுதான் பாக்கெட்டின் பின்னால் எழுதியிருக்க வேண்டும். பட்டியல் நீண்டால் யோசியுங்கள்.

தபால் கட்டணம் 5 பவுண்டு அளவில் வருவதால் ஒரு பாக்கெட் வாங்குவது வீண். 5, 6 பாக்கெட்டாக வாங்கி ஃப்ரீசரில் போட வேண்டும். லண்டன் வாடகை வீட்டு ஃப்ரீசரில் ஒரு தட்டு முழுக்க இதற்கே போய்விடும். இன்னொரு விஷயம், மைக்ரோவேவ் வேண்டாம். தண்ணீரில் விரலை நனைத்து டோர்ட்டியாமேல் தடவி, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டு எடுத்து, துணியில் மூடி வையுங்கள். 5 நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடும். தனியாக இருப்பவர்களுக்கும், வேலை முடிந்து இரவு 8 மணிக்கு வீடு வருகிறவர்களுக்கும் இந்த வழியைத்தான் சொல்வேன்.

## 4. மாசா மாவு, ஓர் அழுத்தும் கருவி, வீட்டுத் தோசைக்கல்

நிஷ்டமல் செய்து, அரைத்து, உலர்த்திப் பொடியாக்கிய மாவுக்கு மாசா அரினா என்று பெயர். மாசெக்கா என்ற மாவு எல்லோருக்கும் தெரிந்தது. அதைத் தயாரிக்கும் குழுமம் நுவேவோ லியோன் மாநிலத்தில் 1949-இல் தொடங்கியது. லண்டனில் மெக்சிகோ, லத்தீன் அமெரிக்கப் பொருள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிலோ 5 பவுண்டு அளவில் வாங்குகிறேன். ஒரு கிலோவில் 60 டோர்ட்டியாவுக்குக் குறையாமல் வருகிறது. ஒன்று 8, 9 பென்ஸ்.

முன்பு சொன்ன ஏமாற்றம் இங்கேதான். அதே அலமாரியில் வெனிசுவேலாவின் பான் மாவு இருக்கும். அது அரேப்பா என்ற தடித்த சோள ரொட்டி செய்ய நல்ல மாவு, ஆனால் சுண்ணாம்பு படாதது. இந்தியக் கடையில் இருக்கும் மக்கி மாவும், இத்தாலியப் பொலென்டாவும், கேக்குக்கும் சூப்புக்கும் போடும் வெள்ளைச் சோள மாவும் அப்படியே. நான் முதல் முறை மக்கி மாவு வாங்கி வந்து, தட்டிய ஒவ்வொன்றும் கல்லில் உடைந்துபோக, கை வரவில்லை போல என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடினேன். தவறு கையில் இல்லை, மாவில். பாக்கெட்டில் நிஷ்டமல் என்றோ சுண்ணாம்பு என்றோ இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

பதம் நமக்குப் புதிதில்லை. சப்பாத்தி மாவை நினைத்தால் கெட்டது, கொழுக்கட்டை மாவை நினையுங்கள். இதிலும் இழுவை கிடையாது. 250 கிராம் மாவுக்கு 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து ஈரத்துணி போட்டு அரை மணி விட்டுவிடுங்கள். ஒரு சிறு உருண்டையை அழுத்திப் பார்த்தால் ஓரம் வெடிக்கக் கூடாது. வெடித்தால் இன்னும் ஒரு கரண்டி தண்ணீர். கையில் ஒட்டினால் கொஞ்சம் மாவு. ஆரம்பத்தில் எல்லோரும் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள், நானும் அப்படித்தான்.

உருளைக் கட்டையால் தேய்க்க வராது, ஓரம் கிழியும். வார்ப்பிரும்பு அழுத்தும் கருவி 25 பவுண்டு. பூரி அழுத்தும் கருவி வீட்டில் இருந்தால் அதுவே போதும், டோர்ட்டியா கொஞ்சம் சிறிதாக வரும். தெருக்கடை டாக்கோ அந்த அளவில்தான் இருக்கும். ஃப்ரீசர் பையை வெட்டி மேலும் கீழும் வைத்து அழுத்துங்கள். மெக்சிகோவில் கொமால் என்று சொல்வதும் நம் இரும்புத் தோசைக்கல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விடாமல் போட்டு, 20 நொடியில் திருப்பி, மறுபக்கம் ஒரு நிமிடம் விட்டு, மறுபடியும் திருப்பி நடுவில் மெல்லத் தொட்டால் பூரி போல உப்பும். உப்பினால் பதம் சரி. துணியில் அடுக்கி 10 நிமிடம் மூடிவைத்தால்தான் வளையும் பக்குவம் வரும். அவசரத்தில் இந்த 10 நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

மறைந்த செலவு கற்கும் காலம்தான். எனக்கு நான்காவது தடவைதான் எல்லாமே உப்பின. இன்னொன்று, சுட்டது அன்றைக்கே தீர வேண்டும். மறுநாள் மிஞ்சினால் நான்காகக் கிழித்து எண்ணெயில் பொரித்து, மிளகாய்ச் சாற்றில் புரட்டி சிலாகிலேஸ் செய்துவிடலாம். அதற்குப் பழைய டோர்ட்டியாதான் நல்லது. வாரம் ஒருமுறை மெக்சிகன் வேண்டும், வீட்டில் ஆள் இருக்கிறது, சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

## 5. சோளமும் சுண்ணாம்பும் கிரைண்டரும்

இது ஆசைப்பட்டவர்களுக்கு. ஒரு கிலோ உலர்ந்த வெள்ளை மக்காச்சோளம், 10 கிராம் சுண்ணாம்புப் பொடி, 3 லிட்டர் தண்ணீர். முக்கால் மணி மெல்லக் கொதிக்கவிட்டு இரவு முழுக்க மூடிவைத்தால் காலையில் தோல் வழுவழுவென்று கழன்று வரும். ஆப்பிரிக்கக் கடைகளில் வெள்ளை மக்காச்சோளம் வாங்கலாம். பாப்கார்ன் சோளமும் இனிப்புச் சோளமும் ஆகாது. வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தான் என்றாலும், உணவுத்தரம் என்று அச்சிட்ட பொடியையே வாங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படக் கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். எவர்சில்வர் போதும்.

அரைப்பதில்தான் நமக்குக் கொடுப்பினை. மற்றவர்கள் மெக்சிகோவிலிருந்து கை ஆலை வரவழைக்கிறார்கள், நம் வீட்டில் ஏற்கெனவே கல் கிரைண்டர் ஓடுகிறது. ஒரு சிக்கல் உண்டு. கிரைண்டர் சுற்ற மாவு தளர்வாக இருக்க வேண்டும், டோர்ட்டியாவுக்கோ கெட்டியாக வேண்டும். அரைக்கும்போது தண்ணீர் தெளித்து, எடுத்தபின் மாசா மாவு ஒரு கை சேர்த்துப் பிசைந்தால் பதத்துக்கு வந்துவிடுகிறது. குவாதலஹாரா தெருமுனைக் கடை வாசனை லண்டன் சமையலறையில் எனக்குக் கிடைத்தது இந்த முறையில் மட்டும்தான்.

ஆனால் ஒரு நாள் போய்விடும். வாராவாரம் முடியாது. நான் பிப்ரவரி 2-க்காக வைத்திருக்கிறேன். மெக்சிகோவில் ஜனவரி 6 அன்று மூன்று அரசர் ரொட்டியை வெட்டும்போது யார் துண்டில் குழந்தைப் பொம்மை வருகிறதோ, அவர்தான் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமால் (இலையில் பொதிந்து வேகவைக்கும் சோள மாவுப் பண்டம்) கொடுக்க வேண்டும். ஆவியில் வேகும் தமாலுக்குக் கொரகொரப்பாக அரைத்தால் போதும் என்பதால் கிரைண்டருக்கும் வேலை குறைவு.

## உள்ளே வைப்பதற்கு எங்கே போவது

டோர்ட்டியா முடிவானதும் பாதிச் சாமான் நம் தமிழ்க் கடையிலேயே இருக்கிறது. கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் சூப்பர் மார்க்கெட்டைவிட அங்கே மலிவு. மெக்சிகோவின் லிமோனும் நம் ஊர்ச் சிறு எலுமிச்சையும் ஒரே இனம், கண்ணில் பட்டால் அள்ளிவிடுங்கள். சௌசௌ மெக்சிகோவிலிருந்து வந்த காய், அங்கே சயோத்தே. தக்காளி போன்ற டொமாட்டியோ காயின் பச்சைச் சாற்றில் பன்றி இறைச்சியோடு போடும் வெர்தோலாகா, நம் பருப்புக்கீரையேதான். துருக்கிக் கடைகளில் கோடையில் கட்டுக்கட்டாக வரும். செம்பருத்தி இனத்துப் பூச் சாறுக்கு உலர்ந்த புல்லிதழைக் கரீபியக் கடைகளில் சோரல் என்று கேளுங்கள். கருப்பு பீன்ஸும் அங்கேதான். நம் கறுப்பு உளுந்து அதற்கு மாற்றாகாது, வழவழவென்று வேறு திசையில் போய்விடும்.

மெக்சிகோவின் காய்ந்த மிளகாயில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். காரத்துக்கு வரும் ஆர்போல் மிளகாய்க்கு நம் நீட்டு மிளகாய் சரியாகப் பொருந்தும். குவாஹீயோவின் நிறத்தைக் காஷ்மீரி மிளகாய் ஓரளவு கொடுக்கும். ஆனால் ஆஞ்சோவின் உலர்திராட்சை இனிப்புக்கு நம்மிடம் எதுவும் இல்லை. ஆஞ்சோவும் குவாஹீயோவும் ஒவ்வொன்றிலும் 200 கிராம் வாங்கிக் காற்றுப் புகாமல் வைத்தால் பல மாதம் வரும். மெக்சிகோ ஓரிகனோவையும் அதோடு சேர்த்து வாங்குங்கள். இத்தாலிய ஓரிகனோ வேறு செடி.

முதல் சனிக்கிழமைக்கு என்ன செய்வது என்று கேட்டால் ஹலிஸ்கோ மாநிலத்தின் பிர்ரியாவைச் சொல்வேன். ஆட்டுக்கறிதான் அதன் அசல். எலும்போடு வெட்டித் தரும் நம் கறிக்கடை இருக்கும்போது லண்டனில் இதற்கு நம்மைவிட வசதியானவர்கள் இல்லை. மிளகாயை வறுத்து, ஊறவைத்து, பட்டை, கிராம்பு, இஞ்சி, பூண்டு, வினிகரோடு அரைத்துக் கறியில் தடவி ஓர் இரவு வைத்து, மறுநாள் மூன்று மணி நேரம் மூடி வேகவிடுங்கள். மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயில் டோர்ட்டியாவைத் தோய்த்துக் கல்லில் போட்டு, பிய்த்த கறியை வைத்து மடித்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவுங்கள். சாற்றைக் கிண்ணத்தில் தனியாக ஊற்றிக் கொடுங்கள், எலுமிச்சையைப் பிழிந்து குடிக்கட்டும்.